குதிகால் வலி: வீட்டிலேயே சமாளிக்க என்ன செய்யலாம், எதை விடலாம்

காலையில் எழுந்து தரையில் கால் வைத்ததும் குதிகாலில் சுரீரென்று குத்துகிறது. சுவரைப் பிடித்து நொண்டி நொண்டிப் பல் தேய்க்கப் போகிறீர்கள். கொஞ்ச நேரம் நடமாடியதும் வலி மட்டுப்படுகிறது, சரியாகிவிட்டது என்று வேலையைப் பார்க்கிறீர்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போது மறுபடியும் அதே குத்தல். பொழுது சாயச் சாய உள்ளங்கால் முழுக்க ஒரு கடுப்பு. இந்த வரிசை உங்களுக்கும் பொருந்தினால், டாக்டர்கள் 'பிளான்டர் ஃபேசியைட்டிஸ்' என்று சீட்டில் எழுதுகிற, வீட்டுப் பெரியவர்கள் குதிகால் வாதம் என்கிற வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது; நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம்.

பெரும்பாலானவர்களுக்கு ஊசியோ ஆபரேஷனோ இல்லாமலே இது சரியாகிவிடும். ஆனால் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில். அந்த மாதங்களை எப்படிக் கடத்துவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது அதுதானா?

நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கிற காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் போடுங்கள். கட்டைவிரலால் குதிகாலின் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். குதிகாலின் நட்டநடுவில் அல்ல. அதிலிருந்து சற்று முன்னால், பாதத்தின் உட்பக்க ஓரமாக, பாதவளைவு தொடங்குகிற இடத்தில். அங்கே அழுத்தும்போது "ஆமாம், இதே வலிதான்" என்று தோன்றினால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கால் பெருவிரலை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு அதே இடத்தை அழுத்தினால் சிலருக்கு வலி இன்னும் தெளிவாகத் தெரியும்.

குதிகால் வலியெல்லாம் இந்த வகை அல்ல. நட்டநடுவில் வலித்து, காலை முதல் அடியில் பெரிதாக எதுவும் இல்லாமல், கெட்டித் தரையில் நிற்க நிற்கக் கூடினால், குதிகாலின் அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். குதிகாலின் பின்பக்கம், செருப்பு வார் உரசுகிற இடத்தில் வலித்தால் அது கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் சம்பந்தப்பட்டது. எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால் அது வளரும் எலும்பின் பிரச்சினை, வைத்தியமும் வேறு. சிக்குன்குனியா வந்து போனபின் கணுக்கால், விரல், மணிக்கட்டு என்று பல மூட்டுகள் சேர்ந்து வலிப்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை ஒத்திவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்:

- காலில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு
- படுத்திருக்கும்போதும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கூடவே காய்ச்சல், உடல் மெலிவு
- குதிகால் வீங்கிச் சிவந்து சூடாக இருப்பது
- 'டப்' என்ற சத்தத்தோடு திடீரென்று வந்த வலி, அதன்பின் உள்ளங்காலில் வீக்கமோ ரத்தக்கட்டோ
- குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அழுத்தினால் எலும்பிலேயே வலிப்பது (விரிசல் விழுந்திருக்கலாம்)
- நாற்பது வயதுக்குக் குறைவானவருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் முதுகும் அரை மணிக்கு மேல் இறுகிக் கிடப்பது. இது முதுகெலும்பைப் பாதிக்கும் வாத நோயின் அறிகுறியாக இருக்கலாம். எலும்பு டாக்டரைவிட வாதநோய் நிபுணரிடம் போவது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்துக்கொண்டபிறகே கீழே சொல்லும் ஐஸ், ஒத்தடம் பக்கமெல்லாம் போக வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் சூடு பட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகும்.

உள்ளே நடப்பது என்ன?

குதிகால் எலும்பின் அடியிலிருந்து கிளம்பி விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவு வில் என்றால் இந்தப் பட்டை அதன் நாண். அடியெடுத்து வைத்துக் குதிகாலைத் தூக்கும்போது விரல்கள் மேலே மடங்கும், நாண் இறுகும், வளைவு உயர்ந்து பாதம் விறைப்பாகி, உடம்பை முன்னே தள்ளும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறது. தாங்குகிற அளவைத் தாண்டிப் பல நாள் இழுபட்டால், பட்டை எலும்பில் ஒட்டியிருக்கும் இடம் நைந்துபோகிறது.

'ஐட்டிஸ்' என்று முடியும் பெயரைக் கேட்டதும் உள்ளே அழற்சி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2003-இல் அமெரிக்காவில் ஹார்வி லெமான்ட் என்ற பாத மருத்துவரும் அவர் கூட்டாளிகளும், ஆபரேஷனில் எடுத்த 50 பேரின் திசுக்களைப் பரிசோதித்தபோது அழற்சிக்கான அடையாளங்களைக் காணவில்லை. நார்கள் சிதைந்து தரம் குறைந்திருப்பதைத்தான் கண்டார்கள். வீட்டில் இருக்கும் நமக்கு இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. வீக்கத்தை வற்றவைக்கும் மாத்திரையும் ஐஸும் வலியை அடக்கலாம், நைந்த நாரைத் தேற்றாது. அதைத் தேற்றுவது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும் பாரம். பாரமே இல்லாமல் படுத்துக் கிடந்தால் பட்டை இன்னும் பலவீனமாகும். அதிகமானால் இன்னும் நையும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் காலுக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடிப்பதில்தான் வைத்தியம் முழுவதும் இருக்கிறது.

அடுத்து, எக்ஸ்ரே. "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொன்னதும் பலர் பயந்துபோகிறார்கள். அந்த முள் போன்ற வளர்ச்சி வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் இருக்கிறது. இந்த வலி உள்ள பலருக்கு இல்லவே இல்லை. வலி போனபிறகும் முள் அப்படியே இருக்கும். அதைக் கரைக்கிறேன், உடைக்கிறேன் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதேபோல, குதிகால் வலி என்றதும் யூரிக் ஆசிட் டெஸ்ட் எடுத்து, கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பருப்பையும் கீரையையும் நிறுத்துகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. யூரிக் ஆசிட் வாதம் பெரும்பாலும் பெருவிரல் மூட்டில் திடீரென்று சிவந்து வீங்கி வரும். காலை முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கத் தணிவது அதன் குணம் அல்ல.

முதல் நாள்: ஒரு நோட்டு, ஒரு ஜோடி செருப்பு

காலையில் முதல் அடி வைக்கும்போது வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டு ஒரு நோட்டிலோ காலண்டர் தாளிலோ எழுதுங்கள். வலியே இல்லை என்றால் 0, கால் ஊன்றவே முடியவில்லை என்றால் 10. பக்கத்திலேயே முந்தைய நாள் வழக்கத்துக்கு மாறாக என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி: 'கல்யாண வீடு, நாள் முழுக்க நின்றேன்', 'மாடி மூன்று தடவை', 'வீட்டிலேயே இருந்தேன்'. இந்த வலியின் விசித்திரம், செய்த தப்புக்கு அப்போதே வலிக்காது. மறுநாள் காலையில்தான் கணக்குத் தீர்க்கும். அதனால் இன்று செய்தது சரியா என்பதை நாளைக் காலை மார்க்தான் சொல்லும். இரண்டு வாரம் எழுதினால் உங்கள் கால் எதற்கு முரண்டு பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எந்த டாக்டரும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்து செருப்பு. நம் ஊர் வீடுகளில் பிரச்சினை வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. வெளியே போகும்போது நல்ல ஷூ போடுகிறவரும் வீட்டுக்குள் டைல்ஸ், கிரானைட், மொசைக் தரையில் நாளுக்குப் பத்து மணி நேரம் வெறுங்காலில் நடக்கிறார். மண் தரையும் சாணி மெழுகிய தரையும் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும். இந்தத் தரைகள் அப்படியல்ல. காலையில் எழுந்ததும் முதல் அடியே செருப்பில் விழ வேண்டும். அதற்குக் கட்டிலுக்கு அருகில், பாயில் படுப்பவர் என்றால் தலைமாட்டுக்கு எட்டுகிற இடத்தில், வீட்டுக்குள் மட்டும் போடும் ஒரு ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், வாசலைத் தாண்டாத செருப்பு என்பதை ஒருமுறை கழுவிக் காட்டிவிடுங்கள். பூஜை அறையில் மட்டும் கழற்றிவிட்டு ஒரு தடித்த கால்மிதியின்மேல் நின்றுகொள்ளலாம்.

எந்தச் செருப்பு? எம்.சி.ஆர் செருப்பு என்று மருந்துக் கடைகளிலும் மருத்துவக் காலணிக் கடைகளிலும் கேட்டால் தருவார்கள். நுண்ணறை ரப்பரால் ஆன மெத்தென்ற அடிப்பாகம் கொண்டது. தொழுநோயால் பாத உணர்ச்சி போனவர்களுக்குப் புண் வராமல் காக்க இந்த ரப்பரைப் பயன்படுத்தியதில் வேலூர் சி.எம்.சி-யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டின் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் அதையே எழுதித் தருகிறார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: குதிகால் பகுதி முன்பாதத்தைவிட ஒரு சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும், பாதவளைவின் கீழ் லேசான மேடு இருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும், இரண்டு கையால் வளைத்தால் விரல் பக்கம் மட்டும் வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. பின்வார் இருந்தால் இன்னும் நல்லது. தேய்ந்து தட்டையான ரப்பர் ஹவாய் செருப்பு கூடவே கூடாது. வாசலில் கிடக்கும் அந்தப் பழைய ஜோடியை இன்றைக்கே குப்பையில் போடுங்கள்; இருந்தால் கால் தானாக அதில்தான் நுழையும்.

பாதத்தை அளவெடுத்துச் செய்கிற விலை உயர்ந்த இன்சோல் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் கார்ல் லான்டார்ஃப் குழுவினர் நடத்திய ஆய்வில், அளவெடுத்துச் செய்ததும் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதும் ஒரு வருட முடிவில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிலிக்கான் ஹீல் பேடோ ரெடிமேட் இன்சோலோ போட்டுப் பாருங்கள். வலி ஒரு காலில் மட்டும் இருந்தாலும் இரண்டு காலிலும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் இடுப்பு கோணும்.

கட்டிலை விட்டு இறங்குவதற்குமுன்

இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடக்கிறது. பட்டை சுருங்கியே இருக்கிறது. எழுந்ததும் உடம்பின் எடை முழுவதும் விழும்போது திடீரென்று இழுபடுகிறது. எனவே இழுக்கிற வேலையை எடை விழுவதற்கு முன்பே நாம் செய்துவிட வேண்டும்.

எழுந்து கட்டிலில் உட்காருங்கள். வலிக்கிற காலை மற்றக் காலின்மேல் போடுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் அடியில் பிடித்து, முழங்காலை நோக்கி மெதுவாகப் பின்னால் மடக்குங்கள். மறுகைக் கட்டைவிரலால் பாதவளைவைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே பட்டை விறைத்து நிற்பது தெரியும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. பிறகு செருப்பில் கால் வையுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை இதைச் செய்ய வேண்டும். காலை முதல் அடிக்கு முன் செய்வதுதான் முக்கியம்; மற்ற இரண்டு வேளையை நெடுநேரம் உட்கார்ந்து எழும் சமயங்களுக்கு ஒதுக்குங்கள். 2003-இல் அமெரிக்காவின் பெனடிக்ட் டிஜியோவானி குழுவினர் நாள்பட்ட குதிகால் வலி கொண்ட 101 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில், கெண்டைச்சதையை மட்டும் இழுத்தவர்களைவிட இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் அதிகப் பலன் தெரிந்தது. குனிந்து விரலைப் பிடிக்க முடியாதவர்கள், பருத்த உடம்புக்காரர்கள், கர்ப்பிணிகள் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ முன்பாதத்தில் போட்டு இரண்டு முனையையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

கெண்டைச்சதையையும் விட்டுவிடக் கூடாது. அது இறுகியிருந்தால் கணுக்கால் முழுதாக மடங்காது. அந்தக் குறையைப் பாதவளைவு சுமக்கும். சுவரில் இரண்டு கையை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். முழங்கால் நேராக அரை நிமிடம், பிறகு முழங்காலைச் சற்று மடக்கி அரை நிமிடம். இதுபோல் மூன்று சுற்று. பாதம் நேராக முன்னால் பார்க்க வேண்டும்; வெளிப்பக்கம் திரும்பினால் பயிற்சி வீண்.

பலம் ஏற்றும் பயிற்சி

பலரும் இழுக்கும் பயிற்சியோடு நின்றுவிடுகிறார்கள். பட்டையைத் தேற்றுவதற்கு எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள பயிற்சி இனிமேல்தான் வருகிறது. டென்மார்க்கின் மைக்கேல் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியிட்ட முறை.

ஒரு துண்டைச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வையுங்கள். விரல்கள் துண்டின்மேல் ஏறி மேல்நோக்கி மடங்கியிருக்க, முன்பாதம் படியில், குதிகால் வெளியே தொங்க நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக எழும்பி, உச்சியில் இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும், தினமும் வேண்டாம். பன்னிரண்டு முறை ஒரு சுற்று. சிறிது இளைப்பாறி மூன்று சுற்று.

ஆய்வில் ஒற்றைக்காலில்தான் செய்யச் சொன்னார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு காலிலும் நின்று தொடங்குங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் படியே வேண்டாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் நின்றே செய்யலாம். இரண்டு காலில் பன்னிரண்டு முறை சுலபமாக வந்ததும் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள். அதுவும் சுலபமானால் முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். எடை ஏற ஏற எண்ணிக்கை குறையலாம், சுற்று கூடலாம்: பத்து முறை நான்கு சுற்று, பிறகு எட்டு முறை ஐந்து சுற்று.

செய்யும்போது வலிக்கும். வலித்தால் நிறுத்த வேண்டுமா? பத்துக்கு நாலு வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் காலை மார்க் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அடுத்த முறை எடையையோ சுற்றையோ குறையுங்கள். மார்க் அப்படியே இருந்தால் தொடருங்கள். முதல் மூன்று, நான்கு வாரம் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். ஆள் சலித்து நிறுத்திவிடுவதும் சரியாக அப்போதுதான். டென்மார்க் ஆய்வில் மூன்றாம் மாதத்தில் இந்தப் பயிற்சியைச் செய்த அணி இழுக்கும் பயிற்சி செய்த அணியைவிடத் தெளிவாக முன்னால் இருந்தது. ஒரு வருடத்தில் இரண்டும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன. அதனால் மாடிப்படியில் நிற்க முடியாதவர் இழுக்கும் பயிற்சியோடு நின்றாலும் கெட்டுப்போய்விடாது, கொஞ்சம் தாமதமாகும்.

ஒத்தடம், எருக்கு, ஐஸ்

செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் பழுத்த எருக்க இலையை வைத்துக் குதிகாலால் மிதிக்கிற வைத்தியம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. சூடு இதமாக இருக்கும், இறுகிய சதை தளரும், அன்றைக்கு நடை சுலபமாகும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் இலை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செங்கல்லைத் துணியில் சுற்றாமல் மிதிக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கல் உப்புப் போட்ட வெந்நீரும் தைலமும் இதே கணக்குத்தான். இதம் தருகிறது என்றால் இரவு படுக்கும்முன் தைலம் தேய்த்துப் பாதவளைவை நீவிவிட்டுக்கொள்வதில் தவறில்லை.

நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து குதிகால் கொதிக்கிறது என்றால் குளிர்ச்சி நன்றாகக் கேட்கும். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, மெல்லிய துணி சுற்றி, நாற்காலியில் உட்கார்ந்தபடி உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுங்கள். பாட்டிலை நிரப்பும்போது கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் உறையும்போது வெடிக்கும்.

முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பை இந்த வலிக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் நிறைய. வலி கடுமையாக இருக்கும் காலத்தில் அது வேண்டாத வேலை என்பது என் கருத்து. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதையும் அப்படியே. காலை மார்க் ஒன்றுக்கு இறங்கியபிறகு ஆசை இருந்தால் நடந்துகொள்ளுங்கள்.

நிற்கிற வேலை

உடல் எடை அதிகமாக இருப்பது, கணுக்கால் சரியாக மடங்காதது, வேலை நேரத்தில் பெரும்பகுதி நிற்பது ஆகிய மூன்றும் இந்த வலிக்குக் காரணமாக ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றாவதை மாற்றுவதுதான் கடினம். துணிக்கடைப் பெண்கள், ஆசிரியர்கள், செவிலியர், ஹோட்டல் மாஸ்டர்கள், போக்குவரத்துக் காவலர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். வீட்டுச் சமையலறையில் நிற்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் 2021-ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தின்படி, எல்லா ஊழியர்களுக்கும் உட்கார ஏற்ற இருக்கை வைத்திருக்க வேண்டியது கடை உரிமையாளரின் கடமை. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. சட்டம் இருந்தாலும் முதலாளி முன்னால் உட்காரத் துணிச்சல் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேச்சு சுலபமாகும். வாடிக்கையாளர் இல்லாத இடைவெளியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுவதுகூடக் காலை மார்க்கில் தெரியும்.

சமையலறையில் காய் நறுக்குவதையும் மாவு பிசைவதையும் உட்கார்ந்து செய்யுங்கள். அடுப்புக்கு முன்னால் தடித்த ரப்பர் பாய் ஒன்று போடுங்கள். ஒரு காலை மாற்றி ஒரு காலைச் சின்ன முக்காலியில் வைத்து நிற்கலாம். நீண்ட நேரம் உட்கார்ந்த எவரும், அது பஸ்ஸோ அலுவலகமோ சினிமாவோ, எழுவதற்குமுன் கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்தால் அந்த முதல் அடி அவ்வளவு குத்தாது.

எடையைப் பற்றி எல்லா டாக்டரும் சொல்லியிருப்பார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: எடை குறைக்கிறேன் என்று இந்தக் காலோடு வேக நடை தொடங்காதீர்கள். வலி தணியும்வரை சைக்கிள், நீச்சல், தட்டில் மாற்றம்.

நடை, கோயில், பாதயாத்திரை

நடைப்பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. இப்போது நடக்கும் தூரத்தில் பாதியாகக் குறைத்து ஒரு வாரம் மார்க் பாருங்கள். ஏறவில்லை என்றால் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தார் சாலையைவிடப் பூங்காவின் மண் பாதை, பள்ளி மைதானம் நல்லது.

கோயிலில் வெறுங்கால் தவிர்க்க முடியாது; கருங்கல் பிரகாரத்தில் தடித்த சாக்ஸ் அனுமதித்தால் போட்டுக்கொள்ளுங்கள், கூட்டமில்லாத வேளையாகப் போய் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில். பழனிப் பாதயாத்திரை அதைவிடப் பல மடங்கு. மார்க் மூன்றுக்கு மேல் இருக்கும் வருடத்தில் இரண்டையும் ஒத்திப்போடுங்கள். போயே தீருவேன் என்கிறவர்கள் குறைந்தது எட்டு வாரம் முன்பிருந்து நடையைப் படிப்படியாகக் கூட்டி, பாதத்தில் டேப் ஒட்டிக்கொண்டு போங்கள். டேப் ஒட்டும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் பிறகு வீட்டில் நீங்களே ஒட்டிக்கொள்ளலாம். சில நாள்களுக்கு நல்ல நிவாரணம் தரும். தோல் அரித்தால் எடுத்துவிட வேண்டும்.

மாத்திரை, ஊசி

வலி மிகுந்த நாள்களில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடப் போடக் கூடாது. மாத்திரை போட்டு வலி மறைந்ததும் அந்தத் தெம்பில் விட்ட நடையெல்லாம் சேர்த்து நடப்பதுதான் இதைவிடக் கெடுதல். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் வாத மாத்திரைகள் எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு அருமையாகக் கேட்கும். பலருக்கு அந்தப் பலன் நீடிப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும் குதிகால் கொழுப்பு மெலியவும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை சில நாள் ஏறும். பயிற்சி செய்யவே முடியாத அளவுக்கு வலி இருப்பவருக்கு, பயிற்சி தொடங்க ஒரு இடைவெளி கிடைக்கட்டும் என்று ஒருமுறை போடுவதில் நியாயம் இருக்கிறது. பயிற்சிக்குப் பதிலாக என்றால் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் காலை மார்க் அசையவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ போங்கள். ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு அதிர்வலைச் சிகிச்சை போன்ற வழிகள் இருக்கின்றன. கணுக்காலைத் தொண்ணூறு டிகிரியில் பிடித்துவைக்கும் இரவுக் கட்டு சிலருக்கு உதவுகிறது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகுவது தனிப் பாடு. ஆபரேஷன் மிகச் சிலருக்கே தேவைப்படும்.

மார்க் தொடர்ந்து ஒரு மாதம் 0, 1 என்று இருந்தால் காலை இழுப்பு, துண்டுப் பயிற்சி இரண்டையும் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து இன்னும் மூன்று மாதம் தொடருங்கள். மற்றக் காலுக்கும் சேர்த்தே செய்யுங்கள். இரண்டு காலிலும் இந்த வலி வருகிறவர்கள் நிறையப் பேர். எம்.சி.ஆர் செருப்பின் அடிப்பாகத்தை மாதம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கிய இடம் எழும்பாவிட்டால் வார் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.